குறைந்த செலவில் நல்ல ஒலி: சேலம், சேர்வராயன் மலைப் பகுதியிலிருந்து ஒரு பார்வை

வீட்டிலிருந்தபடியே இசை கேட்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நூறாண்டுக்கும் மேற்பட்டது. சாவி கொடுத்துச் சுழற்றிய கிராமபோனில் தொடங்கி வால்வு வானொலி, டிரான்சிஸ்டர், கேசட், குறுந்தகடு எனக் கடந்து இன்று ஹெட்போன், ஆம்ப்ளிஃபயர், டிஏசி என்னும் மூன்று கருவிகளில் வந்து நிற்கிறது. டிஏசி என்பது எண்களாகச் சேமித்த ஒலியை மின் அலையாக மாற்றும் கருவி. ஆம்ப்ளிஃபயர் அந்த மின் அலையின் வலுவைக் கூட்டுகிறது. ஹெட்போன் அதைக் காற்றின் அதிர்வாக்கிக் காதில் சேர்க்கிறது. குறைந்த பணத்தை இந்த மூன்றில் எதற்குக் கொடுப்பது என்பது இன்றைய இளைஞரின் கேள்வி. அவருடைய தாத்தாவும் வேறு கருவிகளை வைத்து இதே கேள்வியைக் கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் கண்ட விடைகளை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

மலையடிவாரத்தில் பிறந்த ஒலி

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டுக்குச் செல்லும் சாலை, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தை அடைகிறது. அந்தச் சாலை மலையேறத் தொடங்கும் முன், சமவெளியில் ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கிறது. அது மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தின் எஞ்சிய அடையாளம். திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் முதல் படம் 'சதி அகல்யா' 1937இல் வெளிவந்தது. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவையும் இந்நிறுவனம் தயாரித்தவையே. ஜி. ராமநாதன் இசையமைத்த 'மந்திரி குமாரி' 1950இல் வெளிவந்தது.

அக்காலத்துத் திரைப்பட ஒலி, படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடுகளாகப் பதிவு செய்யப்பட்டது. மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளைக் கேட்கும். ஒளிப்பதிவு முறையில் மிக உயர்ந்த அதிர்வெண்கள் தேய்ந்துவிடும். திரையரங்குகளும் சுருளின் இரைச்சலை மறைப்பதற்காக உயர் ஒலியைக் குறைத்தே ஒலிபரப்பின. அப்பாடல்களைச் சுமந்த இசைத்தட்டுகளுக்கும் இத்தகைய எல்லை இருந்தது. பதிவிலேயே இல்லாத ஒலியை எவ்வளவு விலை உயர்ந்த கருவியாலும் பிற்காலத்தில் உண்டாக்க முடியாது. பழைய பாடல்களை விரும்பிக் கேட்பவர் கருவி வாங்கும்போது முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

மின்சாரம் வேண்டாத இசை

1902இல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவைத் தொடங்கிவைத்தார். தென்னாட்டுப் பாடகர்களின் தட்டுகளும் அடுத்த ஆண்டுகளில் வெளிவந்தன. 1932இல் ஏ. வி. மெய்யப்பன் சென்னையில் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் முத்திரையில் தமிழ் இசைத்தட்டுகளை வெளியிட்டது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பாட முடியும். ஒரு மணி நேரம் விரியக்கூடிய ராக ஆலாபனையையும் வித்துவான்கள் இந்த அளவுக்குள் சுருக்கிப் பாடினர்.

கிராமபோனுக்கு மின்சாரம் தேவையில்லை. சாவி முறுக்கினால் உள்ளிருக்கும் சுருள்வில் தட்டைச் சுழற்றும். ஊசியின் அதிர்வு மைக்கா தகட்டுக்குச் சென்று, அங்கிருந்து குழல் வழியாகப் பெரிதாகி வெளியே வரும். மின்கம்பி எட்டாத மலைத்தோட்டத்து வீட்டிலும் பாட்டுக் கேட்க அது வழி செய்தது. அதில் ஒலியின் தரத்தைத் தீர்மானித்தவை இரண்டு. ஒன்று ஊசியும் தகடும். மற்றொன்று குழலின் அளவு. குழல் சிறிதானால் கனத்த ஒலி வராது. எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். ஊசிக்குக் காசு மிச்சம் பிடித்தவருடைய தட்டு சீக்கிரமே தேய்ந்து கரகரத்தது. பெட்டியின் மரவேலைப்பாட்டுக்குக் கொடுத்த பணம் கண்ணுக்கு அழகு சேர்த்ததே தவிர ஒலியை மாற்றவில்லை.

முதல் ஹெட்போன்

ஹெட்போன் கைப்பேசியோடு வந்த பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். வானொலியின் தொடக்க காலத்திலேயே அது வீட்டுக்குள் வந்துவிட்டது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் 1910இல் தம் வீட்டில் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. 1924இல் சென்னை மாகாண வானொலி மன்றம் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, உலகெங்கும் எளிய வானொலிப் பெட்டி என்பது படிக வானொலியாகவே இருந்தது. நீண்ட கம்பி ஒன்று, கம்பிச்சுருள் ஒன்று, கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகம் ஒன்று, அதிக மின்தடை கொண்ட ஹெட்போன் ஒன்று ஆகியவையே அதன் உறுப்புகள். மின்கலமோ ஆம்ப்ளிஃபயரோ கிடையாது. வானலையில் வரும் மிகச் சிறிய ஆற்றலே ஹெட்போனை இயக்கியது. பிற்காலத்தில் கலீனாவின் இடத்தில் ஜெர்மானியம் டையோடு வந்தது. பள்ளி அறிவியல் மன்றங்களில் மாணவர்கள் இதைச் செய்து பார்த்ததுண்டு.

படிக வானொலி தரும் பாடம் இன்றைக்கும் பொருந்தும். காதுக்கு அருகில் ஒலி எழுப்ப மிகக் குறைந்த ஆற்றலே போதும். ஓர் அறையை நிறைக்கும் ஸ்பீக்கருக்குப் பல வாட் தேவைப்படும்போது, ஹெட்போனுக்கு ஒரு மில்லிவாட், அதாவது ஒரு வாட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் போதுமானது. சிறிய வருமானத்தில் நல்ல ஒலி கேட்க விரும்புவோருக்கு ஹெட்போன் ஏற்றதாக இருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

வால்வு வானொலியும் இலங்கையின் குரலும்

சென்னை வானொலி மன்றம் பண நெருக்கடியால் 1927இல் ஒலிபரப்பை நிறுத்தியது. சென்னை மாநகராட்சி 1930இல் அப்பணியை மேற்கொண்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும் திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. வீடுகளில் வால்வு வானொலிப் பெட்டி மதிப்புக்குரிய பொருளாயிற்று. மர்பி, பிலிப்ஸ், புஷ் போன்ற பெயர்கள் ஊரெங்கும் பழகின. பெட்டி வைத்திருப்பவர் உரிமம் பெற்று, ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்த வேண்டும். இந்த முறை 1980களில்தான் முடிவுக்கு வந்தது.

1952இல் பி. வி. கேஸ்கர் ஒன்றிய அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் வெகுவாகக் குறைந்தது. நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். தமிழ்நாட்டு வீடுகளில் கொழும்பிலிருந்து வந்த அறிவிப்பாளர்களின் குரல்கள் குடும்பத்தினரின் குரல்களைப்போல் பழகிப்போயின. 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலைப்பகுதிகளில் வானொலி கேட்பதற்கு நிலத்தின் அமைப்பும் துணை செய்ய வேண்டும். சிற்றலையும் இரவில் மத்திய அலையும் வானின் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால் மலைகளைத் தாண்டி எட்டும். ஆனால் ஒலி ஏறியும் இறங்கியும் வரும். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. நிலையம் இருக்கும் திசையைப் பார்த்த சரிவில் அது தெளிவாகக் கிடைக்கும். மலைக்கு மறுபுறம் உள்ள சிற்றூரில் மங்கிவிடும். இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977இல் சென்னையில் தொடங்கியது. இதனால் மலைவீட்டார் பலருக்குப் புதிய பெட்டி வாங்குவதைவிட ஏரியல் கம்பியை உயர்த்திக் கட்டுவதே அதிகப் பயன் தந்தது. அதற்குச் செலவும் சொற்பம்.

டிரான்சிஸ்டரும் கேசட்டும்

1947 இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான டிரான்சிஸ்டர், 1960களில் இந்திய வீடுகளுக்கு வந்தது. பேட்டரியில் இயங்கும் சிறிய பெட்டியைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் எடுத்துச் செல்ல முடிந்தது. சில பெட்டிகளோடு ஒற்றைக் காதில் செருகும் இயர்போனும் வந்தது. வீட்டில் மற்றவர் உறங்கும்போது ஒருவர் மட்டும் பாட்டோ கிரிக்கெட் வர்ணனையோ கேட்பது அப்போதே தொடங்கிவிட்டது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், 1980களில் தமிழ்நாட்டின் இசைப் பழக்கத்தையே மாற்றியது. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று திரும்பியவர்கள் டூ-இன்-ஒன் கொண்டுவந்தனர். விருப்பமான பாடல்களை ஒரு தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்தால், 60 அல்லது 90 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். கடையின் மூலத்தட்டு நன்றாக இருந்தால் பதிவு நன்றாக இருக்கும். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் இரைச்சல் கூடும். ஒரே ஊரில் எந்தக் கடையில் பதிவு சுத்தமாக வரும் என்பதை நேயர்கள் அறிந்து வைத்திருந்தனர். டேப் ரெக்கார்டரின் விலையைவிடக் கடையின் தேர்வே ஒலியை அதிகம் தீர்மானித்தது.

அசெம்பிள் செட்டும் பானை ஸ்பீக்கரும்

நிறுவனத்துப் பெட்டியை வாங்க இயலாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் வேறொரு வழி இருந்தது. அதுதான் அசெம்பிள் செட். சென்னை ரிச்சி தெருவிலும் மாவட்டத் தலைநகரங்களின் மின்னணுக் கடைகளிலும் உதிரி பாகங்களை வாங்கி, ஊரிலுள்ள ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்துச் செய்துகொள்வார்கள். டிரான்ஸ்ஃபார்மர், டையோடுகள், கெபாசிட்டர்கள், 2என்3055 டிரான்சிஸ்டர்கள், பின்னாளில் 4440 ஐசி போர்டு என அவற்றின் பெயர்கள் இளைஞர்களுக்குப் பாடமாகவே இருந்தன. சான்யோ நிறுவனத்தின் எல்ஏ4440 என்னும் அந்தச் சில்லு இரண்டு பக்கமும் சுமார் 6 வாட் தரக்கூடியது. 12 வோல்ட்டில் இயங்கும் என்பதால் ஆட்டோ, வேன், டீக்கடை, வீடு என எங்கும் அது பாடியது.

ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி செய்ய வசதியில்லாதவர்கள் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தினர். இது வெறும் சிக்கனத்துக்காகச் செய்தது மட்டும் அல்ல. பெட்டியில்லாத ஸ்பீக்கரில் கூம்பின் முன்புறம் எழும் அலையும் பின்புறம் எழும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் கனத்த ஒலி கேட்காது. பானை பின்புற அலையைத் தடுத்துவிடுகிறது. ஆனால் பானைக்குள் உள்ள காற்றுக்கு இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. அந்த ஒரு சுரத்தில் மட்டும் ஒலி பெருத்து, மற்றவற்றை மூடும். தவில் அடியும் பாஸ் கிட்டாரும் ஒரே 'தும்' என்று கேட்டதன் காரணம் இதுவே. இன்று பாஸ் மிகுந்த விலை குறைந்த ஹெட்போன்கள் பலவற்றிலும் ஏறக்குறைய இதே குறையைக் காணலாம்.

1990களில் கடைகளில் விற்ற பெட்டிகளின்மேல் '1000 வாட் பிஎம்பிஓ' என்பது போன்ற எழுத்துகள் பெரிதாக அச்சாகியிருந்தன. பிஎம்பிஓ என்பது ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் எட்டக்கூடியதாகக் கணக்குப் போட்டுக் காட்டும் உச்ச அளவு. அதற்குப் பொதுவான அளவை முறை எதுவும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய உண்மையான ஆற்றல் பத்து, இருபது வாட்டாகவே இருக்கும். பெட்டியின் பின்புறம் எழுதியிருக்கும் மின்நுகர்வு அளவைப் பார்த்தாலே இது விளங்கிவிடும். சுவரிலிருந்து 30 வாட் எடுக்கும் கருவி 1000 வாட் ஒலியைத் தொடர்ந்து தர இயலாது. மெக்கானிக்கிடம் அசெம்பிள் செட் செய்தவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. பெட்டியின் பளபளப்பைப் பார்த்து மாதச் சம்பளத்தைக் கொடுத்தவர்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

குறுந்தகடும் டிஏசியும்

சோனி, பிலிப்ஸ் ஆகிய இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய குறுந்தகடு 1982இல் விற்பனைக்கு வந்தது. அதில் ஒலி அலையின் உயரம் ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 இரும இலக்கங்களில், அதாவது 65,536 படிகளில் ஒன்றாக எழுதப்படுகிறது. இந்த எண்களை மீண்டும் தொடர்ச்சியான மின் அலையாக்கும் பகுதியே டிஏசி. முதல் தலைமுறைக் கருவிகளில் இது விலை உயர்ந்த உறுப்பாக இருந்தது. பிலிப்ஸ் தன் தொடக்கக் கருவிகளில் 14 இலக்கச் சில்லையே பயன்படுத்தி, கூடுதல் மாதிரியெடுப்பு என்னும் உத்தியால் 16 இலக்கத் தரத்தை எட்டியது.

நாற்பதாண்டுகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது. ஒவ்வொரு கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் புளூடூத் ஹெட்போனிலும் ஒரு டிஏசி உள்ளது. 2016இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்ட பிறகு, பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. கைப்பேசியில் செருகும் விரல் நீள இணைப்புக் கம்பிக்குள்ளேயே டிஏசியும் சிறு ஆம்ப்ளிஃபயரும் அடங்கிவிட்டன. அத்தகைய நல்ல இணைப்பு ஒன்றை ஆயிரம் ரூபாய் அளவிலேயே வாங்கலாம். அதன் இரைச்சலும் சிதைவும் காதால் உணரக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கும்.

ஹெட்போன் வளர்ந்த கதை

1925இல் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர்கள் இருவர் நகரும் சுருள் ஸ்பீக்கரைச் செம்மைப்படுத்தினர். காந்தத்தின் இடைவெளியில் கம்பிச்சுருள் அசைந்து கூம்பை இயக்கும் அந்த முறையை, ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1937இல் டிடி48 ஹெட்போனில் பயன்படுத்தியது. 1958இல் அமெரிக்காவின் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனை வீட்டு நேயருக்குக் கொண்டுவந்தார். 1968இல் சென்ஹைசர் வெளியிட்ட எச்டி414, பின்புறம் திறந்த அமைப்பும் மஞ்சள் நுரை மெத்தையும் கொண்டது. 1979 ஜூலையில் வந்த சோனி வாக்மேன் ஹெட்போனைத் தெருவுக்கு அழைத்துச் சென்றது.

திறந்த அமைப்பில் ஒலி இயல்பாகப் பரவுகிறது. காதும் வியர்க்காது. ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வரும், பாட்டும் வெளியே கேட்கும். இரவில் பூச்சிகளின் ஓசை தவிர வேறு சத்தமில்லாத மலைவீட்டுக்குத் திறந்த ஹெட்போன் பொருந்தும். பேருந்து நிலையத்துக்கு அருகில் குடியிருப்பவருக்கு மூடிய அமைப்போ காதுக்குள் செருகும் வகையோ தேவை. இரைச்சலான இடத்தில் திறந்த ஹெட்போன் அணிபவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். கருவியின் விலையைவிட வீட்டின் அமைதி எப்படி என்று முதலில் பார்ப்பது நல்லது.

ஆம்ப்ளிஃபயர் எப்போது தேவை

இதைக் கணக்கிட்டே அறியலாம். ஹெட்போன் விவரத்தில் மின்தடை ஓம் அளவிலும், உணர்திறன் டெசிபல் அளவிலும் தரப்பட்டிருக்கும். 32 ஓம் மின்தடையும், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் உணர்திறனும் உள்ள ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். சராசரியாக 80 டெசிபலில் பாட்டுக் கேட்பவருக்கு, இசையின் உச்சத் தருணங்களில் 100 டெசிபல் தேவைப்படலாம். அதற்கு ஒரு மில்லிவாட், அதாவது சுமார் 0.18 வோல்ட் போதும். சாதாரண இணைப்புக் கம்பியே ஒரு வோல்ட் வரை தருகிறது. இங்கே தனி ஆம்ப்ளிஃபயருக்கு வேலையில்லை.

300 ஓம் மின்தடை கொண்ட சென்ஹைசர் எச்டி600 போன்ற ஹெட்போன் ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபல் தருகிறது. 100 டெசிபல் உச்சத்துக்குச் சுமார் 1.4 வோல்ட் வேண்டும். மெல்லிய ஒலியில் பதிவான கச்சேரிகளுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். இங்கே ஆம்ப்ளிஃபயர் பொருளுள்ள செலவு. அப்படி வாங்கும்போது அதன் வெளியீட்டு மின்தடை, ஹெட்போன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருப்பது நலம். அதிகமானால் சில ஹெட்போன்களின் பாஸ் ஒலி மாறிவிடும்.

அசெம்பிள் செட் மரபுக்கு இணையத்திலும் ஒரு வாரிசு உண்டு. 2011இல் நிவ்அவ்கை என்னும் புனைபெயரில் எழுதிய பொறியாளர் ஒருவர், ஆப்ஜெக்டிவ்2 என்னும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரின் சுற்றுப்படத்தை யாவரும் செய்துகொள்ளுமாறு வெளியிட்டார். கடைகளில் கிடைக்கும் மலிவான சில்லுகளைக்கொண்டே அதைச் செய்ய முடிந்தது. அளவைகளில் அது விலை உயர்ந்த கருவிகளுக்கு ஈடாக நின்றது. அடுத்த ஆண்டே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர் யார் என்பது வெளிவரவில்லை. அவர் தந்த சுற்றுப்படம் மட்டும் நிலைத்தது.

ஆய்வுகள் கூறுவது

2007இல் மேயர், மோரன் ஆகிய இருவர் உயர்தரப் பதிவுகளை நேரடியாகவும், குறுந்தகட்டுத் தரத்துக்குக் குறைத்தும் நேயர்களுக்கு ஒலித்துக் காட்டினர். எது எதுவென்று சொல்லாமல் நடத்திய 554 சோதனைகளில் சரியாகச் சொல்லப்பட்டவை 276. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் சரியாக இருக்கும். 2017இல் ஜெரோன் பிரெபார்ட் 283 ஹெட்போன்களை அளந்து, அவற்றின் அதிர்வெண் பதிலளிப்புக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்று கண்டறிந்தார். ஹெட்போன்களுக்கு இடையே ஒலி வேறுபாடு பெரிது. ஆனால் அந்த வேறுபாட்டை விலைச்சீட்டைப் பார்த்து அறிய முடியாது.

ஆர்மன் நிறுவனத்தின் ஷான் ஒலிவ் குழுவினர் 2012 முதல் நடத்திய ஆய்வுகள், நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கரின் ஒலியை ஒத்த ஹெட்போனையே பெரும்பாலான நேயர் விரும்புவதைக் காட்டின. அதையொட்டி வரையப்பட்ட வளைகோடு இப்போது பல நிறுவனங்களுக்கு வழிகாட்டியாக உள்ளது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் காதுச் செருகிகள் சிலவும் அதை நெருங்கி வருகின்றன.

தமிழ் இசைக்கு எது முக்கியம்

கருநாடக இசையில் மனிதக் குரலும் தம்புராவும் வயலினும் மிருதங்கமும் நடு அதிர்வெண்களிலேயே பெரிதும் இயங்குகின்றன. மிருதங்கத்தின் வலந்தலை சுருதியோடு சேர்க்கப்படுவது. அதன் நடுவிலுள்ள கரணையே தோலின் மேற்சுரங்களை ஒன்றோடொன்று இசைவாக்குகிறது என்பதை சர் சி. வி. ராமன் 1920இல் நேச்சர் இதழில் விளக்கினார். இந்த மேற்சுரங்கள் கெடாமல் வந்தால்தான் 'நம்' என்ற சொல்லும் 'தின்' என்ற சொல்லும் வேறுவேறாகக் கேட்கும். பாஸ் பெருக்கப்பட்ட ஹெட்போனில் இடந்தலையின் கும்கி வீங்கி, பாடகரின் குரலை மூடிவிடும். எனவே கச்சேரிகளையும் பழைய திரைப்பாடல்களையும் கேட்பவர் நடு ஒலி தெளிவாக உள்ள ஹெட்போனைத் தேர்வது நல்லது. 1992இன் 'ரோஜா' தொடங்கி வந்த பாடல்களில் ஆழ்ந்த பாஸும் உயர்ந்த ஒலிகளும் மிகுதி. அவற்றுக்கு இரண்டு முனைகளும் நீண்டிருக்க வேண்டும்.

கடையில் சோதிக்கும்போது நன்கு பழகிய பாடல் ஒன்றை வைத்தே கேட்க வேண்டும். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலியின் அளவு சமமாக இருக்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் மேலானதாகத் தோன்றும். விற்பனையாளர் அறிந்தோ அறியாமலோ பயன்படுத்தும் உத்தி இது.

மலைப்பகுதியில் பராமரிப்பு

ஏற்காடு போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் கேசட்டின் நாடாவில் வெண்பூஞ்சை படர்வது பழைய தொல்லை. ஹெட்போனின் செயற்கைத்தோல் மெத்தையும் அதேபோல் உரிந்துவிடும். பயன்படுத்திய பின் மெத்தையைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைத்தால் ஆயுள் கூடும். மெத்தையும் கம்பியும் தனியே மாற்றக்கூடிய ஹெட்போனை வாங்குவது சிக்கனம். மின்தடையும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் உள்ள இடத்தில் கைப்பேசியிலிருந்தே மின்சாரம் பெறும் சிறு டிஏசி பாதுகாப்பானது. இடி மின்னலின்போது சுவர்ச் செருகியிலிருந்து ஆம்ப்ளிஃபயரைப் பிடுங்கிவிட வேண்டும்.

செவி நலம்

ஹெட்போனால் வரும் இழப்புகளில் திரும்பப் பெற முடியாதது கேட்கும் திறன். உட்செவியின் மயிர்க் கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த எல்லை. சிறுவர்களுக்கு அது 75 டெசிபல். ஒலி 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 83 டெசிபலில் 20 மணி, 86 டெசிபலில் 10 மணி. ஓர் அடி தள்ளியிருப்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவில்லையென்றால் ஒலியைக் குறைக்க வேண்டும் என்று கொள்ளலாம்.

தேர்வின் வரிசை

நூறாண்டுக் கால அனுபவத்திலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் நல்ல பதிவு. அடுத்து, காற்றை அசைக்கும் உறுப்பு. அது அன்று குழலாகவும் ஸ்பீக்கராகவும் இருந்தது, இன்று ஹெட்போனாக இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய் உள்ளவர் நாலாயிரத்தை ஹெட்போனுக்கு ஒதுக்கலாம். மீதியில் ஓர் இணைப்புக் கம்பி வாங்கிவிடலாம். ஹெட்போனின் மின்தடையும் உணர்திறனும் கேட்டால் மட்டுமே ஆம்ப்ளிஃபயர். கேட்கக்கூடிய இரைச்சலோ குறையோ இருந்தால் மட்டுமே தனி டிஏசி.

மாடர்ன் தியேட்டர்ஸின் தளங்கள் இன்று இல்லை. அங்கே உருவான படங்களின் பாடல்களை ஏற்காட்டு மாணவர் ஒருவர் இன்று கைப்பேசியிலேயே கேட்க முடிகிறது. முன்பு வசதியுள்ள வீட்டுக் கூடத்தில் மட்டுமே ஒலித்த குரல்களுக்கு இப்போது சில ஆயிரம் ரூபாய் போதும். அந்தப் பணம் சரியான உறுப்புக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவே.